பாவுக்கு ஒரு நார், ஊடைக்கு ஒரு நார்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா காலத்துத் தறி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதாம். அதில் முழுக்க இயற்கை நாரை வைத்துத் துண்டு, மேஜை விரிப்பு, தோளில் போடும் சால்வை மூன்றும் நெய்து விற்க ஆசை. கருங்கண்ணிப் பருத்தி, வாழைநார், லினன், சணல், மூங்கில் நூல், இவற்றில் எது சிறந்தது என்பது கேள்வி. நூல் வியாபாரி ஒருவர் மூங்கில்தான் எல்லாவற்றையும் விட இயற்கையானது என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்த நூல் உங்கள் தறியில் அறாமல் ஓடும் என்பது ஒன்று. நெய்த துணி வாங்கியவர் வீட்டில் துவைத்து, காய்ந்து, மடிந்து எத்தனை நாள் உழைக்கும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நார் பதிலாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் வராது. அதனால் எது சிறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழை) எது, ஊடைக்கு (குறுக்கே ஓடும் இழை) எது என்று பிரித்துக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் கைத்தறித் தொழில்நுட்பம் படித்தவன். படித்து முடித்ததிலிருந்து அம்பை, வீரவநல்லூர் பக்கத்துத் தறிகளோடுதான் வேலை. நூலைப் பற்றியும் நெசவைப் பற்றியும் தைரியமாகப் பேசுவேன். விலையைச் சொல்ல மாட்டேன், அது வாரத்துக்கு ஒன்றாக மாறும். உங்கள் கையில் இருக்கும் நூலைத் தொட்டுப் பார்க்காமல் அதன் தரத்தையும் சொல்ல முடியாது. அதை நீங்களே சோதிக்கும் வழியைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

முதலில் பாவு. தறியில் பாவு இழை படுகிற பாடு ஊடை இழைக்குக் கிடையாது. மிதியை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பாவு வாய் திறக்கிறது, இழை கொஞ்சம் நீள்கிறது, திரும்பச் சுருங்குகிறது. பாவு இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் உரசுகிறது. அச்சு, அதாவது ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு, அதன் பல்லுக்கு நடுவே நூற்றுக்கணக்கான தடவை தேய்ந்த பிறகுதான் துணியாகி உருளையில் ஏறுகிறது. ஊடை இழையோ நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து (ஊடை நூல் சுற்றிய குச்சி) அவிழ்ந்து ஒரே ஒரு தடவை குறுக்கே ஓடி, ஒரு அடி வாங்கிப் படுத்துவிடுகிறது. ஆகவே பாவுக்கு மூன்று குணம் வேண்டும்: பலம், வழவழப்பு, கொஞ்சம் நீண்டு கொடுக்கும் தன்மை. மூன்றாவதைத்தான் புதிதாக நெய்ய வருகிறவர்கள் கவனிப்பதில்லை. பருத்தி இழை அறுவதற்கு முன் சுமார் 6 முதல் 8 சதவீதம் வரை நீளும். பட்டு 20 சதவீதம் வரைகூட நீளும். லினன் 2, 3 சதவீதத்தோடு சரி. சணல் அதற்கும் கீழே. லினனும் சணலும் இழுத்துப் பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் மிதியில் நீண்டு கொடுக்காமல் பட்டென்று அறும். பலமான நூல்தானே, ஏன் அறுகிறது என்று தலையில் கை வைப்பவர்களுக்கு இதுதான் பதில். உங்கள் முதல் வருஷம் முழுக்கப் பாவு பருத்தியாகவே இருக்கட்டும். ஆசைப்பட்ட சோதனை எல்லாவற்றையும் ஊடையில் செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர் நெசவே இதைச் செய்துகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பத்தமடைப் பாயைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது கோரை. ஆனால் பாவாக ஓடுவது பருத்தி நூல். தாமிரபரணிக் கரையில் வெட்டிய கோரையைப் பச்சையிலேயே கீறி, உள்ளே இருக்கும் சோற்றை எடுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து மெல்லிய கீற்றாக்குகிறார்கள். அவ்வளவு பக்குவம் செய்த பிறகும் கோரை ஊடையாக மட்டும்தான் போகிறது. கோரைக்கு மினுமினுப்பும் குளிர்ச்சியும் உண்டு, நீண்டு கொடுக்கும் குணம் கிடையாது. அதைப் பருத்திப் பாவு சுமக்கிறது. உயர்ந்த ரகப் பாயைத் துணி மாதிரி மடிக்க முடிகிறது என்றால் கோரையின் மென்மையோடு அந்தப் பாவுக்கும் அதில் பங்கு உண்டு.

இனி பருத்தி. கருங்கண்ணி உங்கள் பட்டியலில் முதலில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம். இது இந்தச் சீமையின் சொந்தப் பருத்தி. தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் விளைந்த பஞ்சைத் திருநெல்வேலிப் பருத்தி என்றே வெள்ளைக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள். பாபநாசத்துத் தண்ணீரின் சக்தியை நம்பி 1880களில் ஹார்வி மில் விக்கிரமசிங்கபுரத்தில் வந்ததும், 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் இந்த மண்ணில்தான். ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைப்பார்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தாங்கும். மருந்துச் செலவு குறைவு. இதெல்லாம் உண்மை.

ஆனால் நெசவுக்காரன் பார்க்கவேண்டியது இழையின் நீளம். கருங்கண்ணி நாட்டுப் பருத்தி இனம். இழை 22 முதல் 25 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும், பருமனும் கூடுதல். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிட்ட சுவின் பருத்தியின் இழை 37 மில்லிமீட்டருக்கு மேல் போகும், பட்டு போல மெல்லிசு. இழை குட்டையாகவும் தடியாகவும் இருந்தால் மெல்லிய நூல் நூற்க முடியாது. முறுக்கில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள நீளம் போதாமல் நழுவும். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. கருங்கண்ணிக்கு 20ஆம் நம்பர் சுகமான இடம், 30 வரை போகலாம். அதில் 60ஆம் நம்பர் நூல் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது கருங்கண்ணியாக இருக்காது, அல்லது பாதிக்கு மேல் வேறு பஞ்சு கலந்திருக்கும். ஒரு முழம் கருங்கண்ணி நூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் பூனைமயிர் மாதிரி குட்டை இழைகள் நிற்கும், அங்கங்கே கொஞ்சம் பருமனாகும், கொஞ்சம் ஒல்லியாகும். வேட்டிக்கு இது குறை. துண்டுக்கு இதுவே நிறை, ஏனென்றால் அந்தக் குட்டை மயிரும் தளர்ந்த முறுக்கும்தான் உடம்புத் தண்ணீரை இழுக்கும். பருத்தி நனைந்தால் பலம் கூடும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும், 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். தினமும் கல்லில் அடித்துத் துவைக்கும் துணிக்கு நம் முன்னோர் பருத்தியை எடுத்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பருத்தித் துண்டைப் பற்றி எப்போதும் வரும் புகார் ஒன்று உண்டு. புதுத்துண்டு தண்ணீரே இழுக்கவில்லை, பாலியெஸ்டர் கலந்துவிட்டார்கள் என்பார்கள். பல சமயம் கலப்படம் இருக்காது. பருத்தியின் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது, அதற்கு மேல் பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு. இரண்டும் போனால்தான் நூல் தண்ணீர் குடிக்கும். நெய்த துண்டைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசிவிட்டு விற்பனைக்கு வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டால் நின்று உருளாமல் உடனே உள்ளே இறங்கவேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பக்கத்துக் கடைத் துண்டிலிருந்து உங்கள் துண்டு தனியாகத் தெரியும்.

வாழைநார் பற்றி நிறைய ஆசைகாட்டல் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஆற்றுப் பாசனத்தில் களக்காடு தொடங்கி ஏரல் வரை வாழைதான், குலை வெட்டிய தண்டு மலைமலையாகக் கிடக்கிறது, நார் எடுத்தால் என்ன என்று தோன்றுவது நியாயம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பூ கட்டுகிற நார், மட்டையைக் காயவைத்துக் கிழித்த கீற்று. அது நெசவுக்கு ஆகாது. நெசவுக்கு வேண்டியது தண்டு மட்டையின் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு மிஞ்சும் பளபளப்பான இழை. வெளிமட்டையில் முரட்டு நார் வரும், உள்ளே போகப் போக மெல்லிசாகி வெளுக்கும். இவற்றைத் தரம் பிரிக்காமல் ஒரே கட்டாக விற்பவரிடம் வாங்கினால் துணி பட்டை பட்டையாக வரும். அப்புறம், அந்த இழையை விரலில் இறுக்கிச் சுற்றி நகத்தால் ஒரு மடிப்பு மடித்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப மடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோடு விழுந்து முறியத் தொடங்கும். இதுதான் வாழைநாரின் சுபாவம். இழுவையைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. மேலும் இழை ஒரு தண்டின் நீளம்தான், முனைக்கு முனை முடிச்சுப் போட்டு நீட்டவேண்டும். அந்த முடிச்சு அச்சுப் பல்லில் சிக்கும், ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவின் துளையில் தட்டும்.

ஆகவே வாழைநாரைப் பாவாக ஓட்டாதீர்கள். தோளில் போடும் துணிக்கும் துண்டுக்கும் வேண்டாம். மேஜை விரிப்பு, சுவர்த்தொங்கல், பை, விளக்குமூடி இவற்றுக்கு ஊடையாகப் போட்டால் அழகு, அந்தப் பளபளப்பு வேறு எதிலும் வராது. ஒரு வாழைநார் ஊடை, இரண்டு பருத்தி ஊடை என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி விறைக்காது, முடிச்சையும் கரைப்பக்கம் தள்ளிவிடலாம். ஊடையை நெய்வதற்கு முன் லேசாக ஈரப்படுத்தி வையுங்கள், விறைப்பு அடங்கும். வாழைநார்ச் சேலை என்று விற்பது பெரும்பாலும் பருத்தி அல்லது பட்டோடு கலந்த சேலைதான். அதில் தப்பில்லை, கலவையை லேபிளில் சொல்லிவிட்டால் போதும்.

லினன் நல்ல நார், எனக்குப் பிடித்த நார். வேர்வையை வேகமாக வாங்கி வேகமாக உலர்த்தும், நனைந்தால் பலம் கூடும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஆனால் அதன் செடி இங்கே விளைவதில்லை. நல்ல நார் வடக்குப் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்து வருகிறது. எனவே உங்கள் பையில் உள்ளூர் நார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வாங்கும்போது பலர் ஏமாறுவது நம்பரில். பருத்தி நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை என்ற கணக்கு. லினனை லீ என்ற கணக்கில் விற்பார்கள், அதில் ஒரு அலகு 300 கஜம்தான். ஆக 60 லீ லினன் என்பது 60ஆம் நம்பர் பருத்தி மாதிரி மெல்லிசு இல்லை, கிட்டத்தட்ட 21ஆம் நம்பர் பருத்திப் பருமன். இந்தக் கணக்குத் தெரியாமல் அச்சைத் தேர்ந்தெடுத்தால் துணி பலகையாக நிற்கும். சால்வைக்கு ஊடையாக 60 லீ அருமையாக இருக்கும். கசங்கும், அது லினனின் பிறவிக்குணம்.

சணல் தரைவிரிப்புக்கும் பைக்கும் சரி, மேலே படும் துணிக்கு வேண்டாம். அதில் லிக்னின் என்ற மரச்சத்து 12 சதவீத அளவில் இருப்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகும், அடிக்கடி நனைந்தால் நைந்துபோகும். சணல் நூலை மோந்து பார்த்து வாங்குங்கள். நூற்பில் தாது எண்ணெய் போட்டிருந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், சாப்பாட்டு மேஜைக்கு அது ஆகாது. கம்பளியை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சிலர் கேட்பதால் சொல்கிறேன்: நம் பக்கத்து வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் முடி ஆடுகள், கறிக்கானவை. அவற்றிலிருந்து நூற்கத்தக்க கம்பளி வராது.

மூங்கில் விஷயத்தில் உங்கள் வியாபாரி சொன்னது சரியில்லை. சந்தையில் கிடைக்கும் மெத்தென்ற மூங்கில் நூலில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, சல்லடைத் துளை வழியாகத் தள்ளி, மறுபடி இழையாக்குகிறார்கள். மூலம் மூங்கில், நார் மனிதன் செய்தது. அமெரிக்காவில் இதை மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான் என்றுதான் லேபிளில் போடவேண்டும், வெறும் மூங்கில் என்று போடக்கூடாது. அது கெட்ட நூல் என்று நான் சொல்லவில்லை, வழவழப்பாக ஓடும், சாயம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலம் போய்விடும். முழுக்க இயற்கை நார் என்று பெயர் வைத்து விற்கப்போகிற உங்களுக்கு அது வேண்டாம்.

நாரைப் போலவே நம் பருவத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். எந்த நாரும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், இழக்கும். வழக்கமான அளவுநிலையில் பருத்தி 8.5 சதவீதமும் லினன் 12 சதவீதமும் சணல் 13.75 சதவீதமும் ஈரம் வைத்திருக்கும். சித்திரை வெயிலிலும், குற்றாலத்துக்குச் சாரலைக் கொட்டிவிட்டு நமக்கு வறட்டுக் காற்றாக வரும் ஆனி, ஆடியிலும் அந்த ஈரம் குறைந்து பாவு முறுக்கேறி அறும். குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் குழித்தறியில் பாவு தரையை ஒட்டி இருப்பதால் மண்ணின் ஈரம் காப்பாற்றுகிறது, அதனால்தான் நெசவாளர் வீட்டில் தறிக்கூடத் தரையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம். தரைக்கு மேல் சட்டத்தில் நிற்கும் சட்டத்தறி என்றால் இந்த மாதங்களில் காலையிலேயே நெய்து முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். கஞ்சி போட்ட பாவில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி வரும். அந்தச் சமயத்தில் நெய்துவிடுகிற அளவுக்கு மட்டும் கஞ்சி போடுங்கள், மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

இதுவரை சொன்ன இழை நீளம், நனைந்தபோது பலம், ஈரக் கணக்கு எல்லாம் சோதனைச்சாலையில் திரும்பத் திரும்ப அளந்தவை, அவற்றை நம்பலாம். நம்பிக்கை குறைவான இடங்களும் உண்டு. வாழைநார்த் துணி உடம்புச் சூட்டைத் தணிக்கும், நாட்டுப் பருத்தி தோல் நோயைத் தீர்க்கும் என்பதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளத்தக்க ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. விற்பனைக்காக அப்படி எழுதாதீர்கள். எந்த நார் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சும் அப்படித்தான். மானாவாரிக் கருங்கண்ணியையும் பாசனப் பருத்தியையும் ஒரே தராசில் வைத்த கணக்குகளை வைத்துக்கொண்டு பருத்தியே கெடுதல் என்பவர்கள் இருக்கிறார்கள், அது சரியான ஒப்பீடு இல்லை. நூற்ற பிறகு ஒரு நூல் கருங்கண்ணிதானா என்று கண்ணால் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது, நானும்தான். பஞ்சு எந்த ஊர்க் காட்டில் எடுத்தது, எங்கே அரைத்தது என்று சொல்லக்கூடியவரிடம் வாங்குவதே வழி. பெரிய அளவில் வாங்கும்போது கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆய்வுக்கூடம் மாதிரி இடத்தில் நம்பரும் பலமும் சோதித்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இவை. நாலு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, லினன், சணல், வாழை நான்கும் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பல் தரும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியெஸ்டர். விஸ்கோஸும் பருத்தி மாதிரியே எரியும் என்பதால் அதற்கு இன்னொரு சோதனை: நூலில் ஒரு இடத்தை மட்டும் நனைத்து இரண்டு கையாலும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே சுலபமாக அறுந்தால் விஸ்கோஸ் என்று சந்தேகப்படலாம். பருத்தி பெரும்பாலும் உலர்ந்த இடத்தில் அறும். சுருக்கத்துக்கு, நெய்த துணியில் 10 இஞ்சுச் சதுரம் குறித்து வெந்நீரில் துவைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் 5 முதல் 10 சதவீதம் சுருங்குவது சாதாரணம். அதைக் கணக்கிட்டு நீளம் கூட்டி நெய்யுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் துண்டிலிருந்து தொடங்குவேன். பாவுக்கு 40ஆம் நம்பர் இரட்டை முறுக்கு (இரண்டு இழை சேர்த்து முறுக்கிய) மில் நூல், ஊடைக்கு 20ஆம் நம்பர் கருங்கண்ணி, இஞ்சுக்கு 40 இழை வாக்கில். இரட்டை முறுக்கில் அறுப்பு குறையும், கஞ்சியும் குறைவாகப் போதும். அதே பாவைக் கொஞ்சம் நீளமாக ஓட்டிவிட்டால் மிச்சத்தில் வாழைநார் ஊடை போட்டு இரண்டு மூன்று மேஜை விரிப்பு நெய்து பார்க்கலாம், தனிப் பாவு செலவு இல்லை. சால்வையை மூன்றாவதாக வையுங்கள். அதற்குப் பாவில் 80ஆம் நம்பர் இரட்டை முறுக்கு, ஊடையில் லினன் அல்லது 30ஆம் நம்பர் கருங்கண்ணி. மெல்லிய பாவு என்பதால் கை பழகிய பிறகு எடுப்பது நல்லது. வீரவநல்லூர் உங்களுக்குப் பக்கம்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய செடிபுட்டா சேலை நெய்கிற ஊர் அது. அங்கே பாவு ஓட்டித் தருபவர்களிடம் முதல் பாவைக் கொடுத்துவிட்டு, அவர்கள் அச்சு பிணைப்பதைக் கூட இருந்து பாருங்கள்.

உங்கள் தறி குழித்தறியா சட்டத்தறியா, இருக்கிற அச்சு இஞ்சுக்கு எத்தனை பல், எத்தனை இஞ்சு அகலம், அச்சுப் பல் துருப்பிடித்திருக்கிறதா, இந்த நான்கையும் எழுதுங்கள். மூன்று துணிக்கும் இழைக் கணக்கும் நூல் எடையும் போட்டுத் தருகிறேன்.